வீடியோ காலில் டாக்டர் முகத்தைப் பார்ப்பார்... பாதத்தை யார் பார்ப்பது?

"எல்லாம் நார்மல்தான் டாக்டர்."

லாஸ்பேட்டை வீட்டு ஹால்ல உட்கார்ந்து, போன்ல தெரிஞ்ச டாக்டர்கிட்ட அப்பா சொன்ன பதில் இது. அப்பாவுக்குப் பல வருஷமா சுகர். நான் சென்னையில இருக்கேன். ஆப்ல அப்பாயின்ட்மென்ட் போட்டு, பணம் கட்டி, லிங்க்கை அனுப்பிட்டு, 'கடமை முடிஞ்சுது'னு நிம்மதியா இருந்தேன். பத்தே நிமிஷத்துல கன்சல்டிங் முடிஞ்சு, மருந்துச் சீட்டும் வந்துடுச்சு.

அடுத்த வாரம் ஊருக்குப் போனப்போதான், அப்பாவோட இடது கால் பெருவிரலுக்கு அடியில ஒரு புண்ணைப் பார்த்தேன். "வலிக்கலைம்மா... அதான் சொல்லலை"ன்னார். அவர் பொய் சொல்லலை, நிஜமாவே வலிக்கலை. டாக்டர் மேலயும் தப்பில்ல, ஸ்கிரீன்ல தெரிஞ்சது முகம் மட்டும்தான். நல்லவேளை, அன்னைக்கே நேர்ல கூட்டிட்டுப் போனதால புண் பெருசாகலை.

அப்போ வீடியோ கன்சல்டேஷன் வேஸ்ட்டா? இல்லவே இல்ல. அது எப்போ வேலை செய்யுது, எப்போ ஏமாத்துதுன்னு நம்ம பக்கத்துலயே நடந்த ஆய்வுகள் தெளிவா சொல்லியிருக்கு.

தூரம் நமக்குப் புதுசா என்ன?

புதுச்சேரி யூனியன் பிரதேசத்தோட மேப்பைப் பாருங்க. பிரெஞ்சுக்காரங்க விட்டுட்டுப் போன நாலு துண்டு. காரைக்கால் இங்கிருந்து சுமார் 130 கி.மீ. மாஹே, கேரளக் கரையில. ஏனாம், ஆந்திராவுல கோதாவரி பக்கம். பெரிய ஆஸ்பத்திரின்னா எல்லாருக்கும் ஞாபகம் வர்றது கோரிமேடு ஜிப்மர். 1823-ல் பிரெஞ்சுக்காரங்க தொடங்கின மருத்துவப் பள்ளிதான் அதோட வேர். விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலையிலிருந்தெல்லாம் விடியற்காலையில பஸ் பிடிச்சு ஓ.பி. வாசல்ல வந்து நிக்கிறவங்களுக்கு, ஒரு செக்கப்னா ஒரு நாள் கூலி போச்சு. கூட வர்றவங்க கூலியும் சேர்த்து!

அதனால தொலைமருத்துவம் நம்ம ஊருக்கு ஆடம்பரம் இல்ல, அவசியம்.

சூணாம்பேடு சொன்ன பாடம்

பாண்டிக்கும் சென்னைக்கும் நடுவுல, செய்யூர் பக்கம் இருக்கிற ஊர் சூணாம்பேடு. டாக்டர் வி.மோகன் தலைமையிலான சென்னை நீரிழிவு ஆராய்ச்சி மையம், சுத்தியுள்ள 42 கிராமங்கள்ல ஒரு திட்டத்தை நடத்துச்சு. அதோட முடிவுகள் 2012-ல் ஆய்விதழ்ல வெளியாச்சு.

ஒரு வேன். அதுக்குள்ள விழித்திரையைப் படம் எடுக்கிற கேமரா, இ.சி.ஜி., கால் ரத்த ஓட்டத்தையும் பாதத்துல உணர்ச்சி இருக்கான்னும் பார்க்கிற கருவிகள். ஊர்லயே ஒரு சின்ன நீரிழிவு மையம். அங்க இருந்த 27,014 பெரியவங்கள்ல 23,449 பேரைப் பரிசோதிச்சாங்க. 1,138 பேருக்கு சர்க்கரை நோய் இருந்தது. இன்னும் 3,410 பேர் அதுக்கு முந்தின கட்டத்துல இருந்தாங்க.

சர்க்கரை நோயாளிகள்ல 1,001 பேருக்குப் பக்க விளைவுகள் இருக்கான்னு பார்த்தப்போ, நூத்துக்கு 18 பேருக்கு விழித்திரை பாதிப்பு. நூத்துக்கு 31 பேருக்கு நரம்பு பாதிப்பு. நரம்பு பாதிச்சா கால்ல முள் குத்தினாலும் தெரியாது. எங்கப்பாவோட "வலிக்கலைம்மா"வுக்கு அர்த்தம் எனக்கு அப்போதான் புரிஞ்சுது.

ஒரே வருஷத்துல, மூணு மாச சர்க்கரை அளவைக் காட்டுற ஹெச்பிஏ1சி சராசரி 9.3-லிருந்து 8.5-ஆ குறைஞ்சுது. சென்னை பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டி வந்தவங்க 5 சதவிகிதத்துக்கும் குறைவு. மீதிப் பேருக்கு ஊர்லயே வைத்தியம்!

கவனிங்க, இங்க ஜெயிச்சது கேமரா மட்டும் இல்ல. நோயாளி பக்கத்துல நின்னு காலைத் தொட்டுப் பார்க்க ஒரு ஆள் இருந்தார். அதுதான் மேட்டர்.

கண்ணுக்கும் மனசுக்கும் அதே ஃபார்முலா

நம்ம தவளக்குப்பத்துல இருக்கிற அரவிந்த் கண் மருத்துவமனையைத் தெரியாதவங்க இருக்க முடியாது. மதுரையில பிறந்த அரவிந்த், 2004-ல் இருந்து சின்ன ஊர்கள்ல 'விஷன் சென்டர்'களைத் திறந்துட்டு வருது. இப்போ 100-க்கும் மேல. அங்க டாக்டர் உட்கார்ந்திருக்க மாட்டார். பயிற்சி எடுத்த டெக்னீஷியன் கண்ணைச் சோதிச்சு, படத்தையும் விவரத்தையும் அனுப்புவாங்க. பெரிய ஆஸ்பத்திரியில இருக்கிற டாக்டர் வீடியோவில் நோயாளிகிட்ட பேசி முடிவு சொல்வார். கண்ணாடி போதும்னா அங்கேயே வேலை முடிஞ்சுது. ஆபரேஷன் தேவைப்பட்டா மட்டும் பயணம்.

மனநலத்துக்கும் அப்படித்தான். சென்னையில இருக்கிற 'ஸ்கார்ஃப்' அமைப்பு, 2010-ல் புதுக்கோட்டை மாவட்டத்துல ஒரு பஸ்ஸை இறக்குச்சு. பஸ்ஸுக்குள்ள உட்கார்ந்து சென்னை மனநல மருத்துவர்கிட்ட வீடியோவில் பேசலாம். மருந்தும் பஸ்லயே கிடைக்கும். உள்ளூர்ப் பணியாளர் நோயாளியைத் தொடர்ந்து கவனிச்சுக்குவார்.

ஒரு எஸ்.எம்.எஸ். என்ன செஞ்சிடும்?

நிறைய செய்யும். சென்னை டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோய் வர வாய்ப்பு அதிகமா இருந்த 537 ஆண்களை ரெண்டா பிரிச்சு, ரெண்டு வருஷம் கவனிச்சாங்க. எல்லாருக்கும் ஆரம்பத்துல உணவு, உடற்பயிற்சி பத்தின அட்வைஸ் உண்டு. ஒரு பாதிப் பேருக்கு மட்டும் அதை ஞாபகப்படுத்தி அடிக்கடி எஸ்.எம்.எஸ். போச்சு.

மெசேஜ் வராதவங்கள்ல 27 சதவிகிதம் பேருக்கு சர்க்கரை நோய் வந்தது. மெசேஜ் வந்தவங்கள்ல 18 சதவிகிதம்தான். 2013-ல் வெளியான முடிவு இது. ஸ்மார்ட்போன்கூட வேணாம். விடாம ஞாபகப்படுத்த ஒரு குரல் போதும்.

உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வேண்டிய ரூல்ஸ்

2020 மார்ச் 25-ல், லாக்டௌன் தொடங்கின அன்னைக்கே, மத்திய அரசு தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டுச்சு. அதுல முக்கியமானவை...

* பதிவு பெற்ற மருத்துவர் மட்டும்தான் பார்க்கணும். மருந்துச் சீட்டுல பதிவு எண் இருக்கான்னு பாருங்க.
* எல்லா மருந்தையும் போன்ல எழுத முடியாது. போதை தரக்கூடிய, கடும் கட்டுப்பாடு உள்ள மருந்துகளுக்கு அனுமதியே இல்ல.
* ஏ.ஐ. சாஃப்ட்வேர் நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ, மருந்து எழுதவோ கூடாது. சாட்பாட்கிட்ட 'என்ன மாத்திரை போடலாம்'னு கேட்கிறவங்க நோட் பண்ணிக்கோங்க.
* 'இதை நேர்ல பார்க்கணும்'னு டாக்டர் எந்த நிமிஷமும் முடிவெடுக்கலாம். கன்சல்டேஷனைப் பாதியில நிறுத்துற உரிமை உங்களுக்கும் உண்டு.

காசில்லாம டாக்டர்கிட்ட பேச, மத்திய அரசோட 'இ-சஞ்சீவனி' இருக்கு. 2023 பிப்ரவரியிலேயே 10 கோடி ஆலோசனைகளைத் தாண்டின சேவை இது. மனசு சரியில்லையா? 'டெலி மானஸ்' 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம்.

அந்தப் பக்கத்து ஆள்... நீங்கதான்!

வேனும் பஸ்ஸும் நம்ம வீட்டு வாசலுக்கு வராது. அதனால அப்பா, அம்மாவுக்கு வீடியோ கன்சல்டேஷன் போட்டுக் கொடுக்கிற நாமதான் அந்த டெக்னீஷியன். வெளியூர்ல இருந்தா, பக்கத்து வீட்டு அக்காவோ தம்பியோ கூட உட்காரட்டும்.

* காலுக்கு முன்னாடி: ஒரு வாரத்து சுகர், பி.பி. அளவுகள், எடை எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதுங்க. 'அந்த மஞ்ச மாத்திரை' வேலைக்கு ஆகாது. அட்டையைக் கையில வெச்சுக்கோங்க.
* பேசும்போது: கேமராவைத் திருப்புங்க. சுகர் இருக்கிறவங்களுக்கு உள்ளங்கால், விரல் இடுக்கு, குதிகாலைக் கட்டாயம் காட்டுங்க. வீக்கம், நிறமாற்றம், சின்னக் கீறல்னாலும் சொல்லுங்க.
* முடிக்கிறதுக்கு முன்னாடி: "என்ன நடந்தா உடனே நேர்ல வரணும் டாக்டர்?" இந்தக் கேள்வியை விட்டுடாதீங்க.
* போனே வேண்டாம், கிளம்புங்க: நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், திடீர்னு வாய் கோணுறது, பேச்சுக் குழறுறது... 108-ஐ கூப்பிடுங்க. கால் புண்ல சீழ், கருமை, கூடவே காய்ச்சல்னா அன்னைக்கே ஆஸ்பத்திரி.

இப்போ ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நானும் அப்பாவும் வீடியோ கால்ல பேசுறோம். "சாப்டீங்களாப்பா?"வுக்கு அப்புறம் ரெண்டாவது கேள்வி, "காலைக் காட்டுங்க." ஆரம்பத்துல ரொம்பக் கூச்சப்பட்டார், "பொண்ணுகிட்ட போய் காலை நீட்டுறதா"ன்னு.

போன வாரம் நான் கேட்க மறந்துட்டேன். வெக்கப்போற நேரத்துல அவரே சொன்னார், "இரும்மா... காலைப் பார்க்கலையா?"