மக்கள் நாளிதழில் எழுதியிருந்தது

கம்யூனிஸ்ட் சீனாவுக்குள் நுழைய முடியாத அமெரிக்கத் தூதரக அதிகாரிகள் 1950-களில் ஹாங்காங்கில் உட்கார்ந்து அந்நாட்டைப் படித்தார்கள். அங்கிருந்த அமெரிக்கத் துணைத் தூதரகம், பெய்ஜிங்கின் ‘மக்கள் நாளிதழ்’, சின்ஹுவா செய்தி நிறுவனம் ஆகியவற்றில் வந்தவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. அதே நகரில் ஹங்கேரியப் பாதிரியார் லாடனி 1953-இல் தொடங்கிய ‘சைனா நியூஸ் அனாலிசிஸ்’ மடலும் சீன ஏடுகளைத்தான் படித்து அலசியது. கட்சிப் பத்திரிகையில் வருவதெல்லாம் பிரசாரம், அதில் என்ன கிடைத்துவிடும் என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. பிரசாரம்தான், ஆனால் முக்கியமான வெளிநாட்டு விவகாரத்தில் மேலிடத்துக்குத் தெரியாமல் ஒரு வரியும் அச்சேறாத பிரசாரம். அதனால்தான் கட்டுரை என்ன சொல்கிறது என்பதற்கு முன்பே அது தலையங்கமா, ‘விமர்சகர்’ என்ற பெயரில் வந்ததா, எந்தப் பக்கத்தில் வந்தது என்று பார்த்தார்கள். இந்த வாசிப்பு பெரும்பாலும் சரியாகவே இருந்தது என்பது என் கருத்து. தோற்றது அதற்குப் பிறகான படி: படித்ததை நம்ப மறுத்த தலைநகரங்கள்.

1950 செப்டம்பர் 30 அன்று சீனப் பிரதமர் சூ என்லாய், அண்டை நாடு தாக்கப்படுவதைச் சீனா கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்காது என்று பகிரங்கமாகப் பேசினார். சில நாட்களில் இந்தியத் தூதர் கே.எம். பணிக்கரை நள்ளிரவில் அழைத்து, கொரியாவில் அமெரிக்கப் படை 38-ஆவது அட்சக்கோட்டைத் தாண்டினால் சீனா தலையிடும் என்றார். பணிக்கர் சீனாவின் பக்கம் சாய்ந்தவர் என்று சொல்லி வாஷிங்டன் அதை ஒதுக்கியது. அக்டோபர் முடிவதற்குள் சீனப் படைகள் கொரியாவில் போரிட்டுக்கொண்டிருந்தன. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து டெல்லியும் இதே தவற்றைச் செய்தது. 1962 அக்டோபர் 12 அன்று இலங்கைக்குப் புறப்படும் முன் நேரு, நம் மண்ணிலிருந்து சீனர்களை அகற்றும்படி ராணுவத்துக்கு உத்தரவிட்டிருப்பதாகச் செய்தியாளர்களிடம் சொன்னார். இரண்டே நாளில் ‘மக்கள் நாளிதழ்’ தலையங்கம் நேருவைப் பெயர் சொல்லி, பாதாளத்தின் விளிம்பிலிருந்து திரும்பிவிடுங்கள் என்றது. எல்லையில் நிற்கும் சீன வீரர்களை நேரடியாக விளித்து, விழிப்பை இரட்டிப்பாக்கிப் பதிலடிக்குத் தயாராக இருக்கச் சொன்னது. எதிரி நாட்டுத் தலைவரோடும் தன் படையோடும் ஒருசேரப் பேசும் தலையங்கத்தை வேறெப்படிப் படிக்க முடியும்? நாம் முன்னேறினாலும் சீனர்கள் பெரிதாகத் தாக்கமாட்டார்கள் என்ற உளவுத்துறையின் பழைய கணிப்பையே டெல்லி பிடித்துக்கொண்டிருந்தது. அக்டோபர் 20 விடியலில் சீனர்கள் தாக்கியபோது நாம்கா சூ ஆற்றங்கரையில் அதற்கு உயிரைக் கொடுத்தவர்கள் அந்தக் கணிப்பைச் செய்தவர்கள் அல்ல.

நடந்து முடிந்தபின் எல்லாம் தெளிவாகத்தான் தெரியும் என்ற மறுப்பு வலுவானது. 1958 செப்டம்பர் முதல் அமெரிக்கக் கப்பல்களும் விமானங்களும் எல்லை மீறியதாகச் சொல்லி பெய்ஜிங் ‘கடும் எச்சரிக்கை’களை எண்ணிட்டு விடுத்தது, எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் ஏறியும் எதுவும் நடக்கவில்லை. இப்படிக் கேட்டுக் கேட்டுப் பழகிய அதிகாரி அடுத்த எச்சரிக்கையையும் தள்ளிவிட்டால் குற்றம் சொல்ல முடியுமா? ஆனால் அவை அரசுப் பேச்சாளரின் குறிப்புகள். மீறினால் என்ன நடக்கும் என்று சொல்லாதவை, படைக்கு எதையும் அறிவுறுத்தாதவை. ஹாங்காங் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் பணியாற்றிய ஆலன் வைட்டிங் 1975-இல் எழுதிய நூலில், சீன எச்சரிக்கைகள் படிப்படியாகக் கடுமையாவதையும், படை நகர்வு கூடவே வருவதையும் இந்திய நிகழ்வை வைத்து விளக்கினார். வேறுபாடு கண்ணுக்குத் தெரியக்கூடியதுதான். எல்லாமே அப்படிப் பிடிபட்டதில்லை என்பதும் உண்மை. 1970 டிசம்பர் 25 அன்று மாவோ அருகில் அமெரிக்கப் பத்திரிகையாளர் எட்கர் ஸ்னோ நிற்கும் படம் ‘மக்கள் நாளிதழ்’ முதல் பக்கத்தில் வந்தது. அது அமெரிக்காவுக்கான நல்லெண்ணச் செய்தி என்பது அப்போது புரியவில்லை என்று அன்றைய அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் கிஸ்ஸிங்கரே பின்னர் எழுதினார். நட்பைப் பூடகமாகச் சொன்ன அதே ஏடு, போரைப் பூடகமாகச் சொன்னதில்லை.

1978 டிசம்பர் 25 அன்று, எங்கள் பொறுமைக்கும் எல்லை உண்டு என்று வியட்நாமை எச்சரித்து அந்த ஏடு தலையங்கம் எழுதியது. 1979 பிப்ரவரி 17 அன்று சீனப் படைகள் வியட்நாமுக்குள் நுழைந்தபோது இந்திய வெளியுறவு அமைச்சர் வாஜ்பாய் சீனாவில் விருந்தினராக இருந்தார். பயணத்தைப் பாதியில் முறித்துக்கொண்டு நாடு திரும்பினார்.