ஒரே பாத்திரம், ஒரே உலை: கிராமத் திருச்சபையில் சாதியும் விசுவாசமும்



பாளையங்கோட்டைச் சபையின் 1780ஆம் ஆண்டுப் பதிவேட்டில் 40 பெயர்கள் இருக்கின்றன. தஞ்சைப் பகுதியிலிருந்து வந்த குளோரிந்தா என்ற பிராமண விதவையோடு, பல சாதிகளைச் சேர்ந்தவர்களும் அதே பட்டியலில் இடம்பெற்றார்கள். ஊரும் சேரியுமாகப் பிரிந்து கிடந்த சமூகத்தில் இப்படி ஒரு பட்டியல் எழுதப்பட்டதே பெரிய செய்தி. திருநெல்வேலியின் ஆங்கிலிக்கன் சபை இந்தச் சிறு கூட்டத்திலிருந்துதான் வளர்ந்தது. ஆனால் ஒரே ஏட்டில் எழுதப்பட்டவர்கள் ஒரே பாத்திரத்தில் குடித்தார்களா, தங்களுக்குள் சம்பந்தம் செய்துகொண்டார்களா என்பதுதான் நம் கேள்வி. சபையின் விசுவாசத்தை அது பாடும் பாட்டைக் கொண்டு அளக்காமல், இந்தக் கேள்விகளைக் கொண்டு அளக்க வேண்டும் என்கிறோம்.

கிராமக் கோவில் நம் மக்களுக்கு என்ன கொடுத்தது என்பதை முதலில் நேர்மையாகச் சொல்லிவிடுவோம். மதம் மாறியதற்காகத் துரத்தப்பட்டவர்களுக்காக 1799இல் முதலூர் உருவானது. பின்னர் அடைக்கலம் தேடியவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியேற்ற, ரேனியஸ் காலத்தில் தர்ம சங்கம் அமைக்கப்பட்டது. கோவிலை ஒட்டிப் பள்ளிக்கூடம் எழுந்தது. உபதேசியார் காலையும் மாலையும் மணியடித்து ஜெபம் நடத்தினார்; பகலில் அவரே பல ஊர்களில் வாத்தியார். பண்ணையாரின் அதட்டலுக்கு எழுந்தவர்கள் தங்கள் சொந்த மணியோசைக்கு எழுந்தார்கள். பெண் பிள்ளைகள் எழுத்துக்கூட்டி வேதம் வாசித்தார்கள். இதைச் சலுகைக்கு மயங்கிய கூட்டம் என்று சுருக்குகிறவர்கள் 'அரிசிக் கிறிஸ்தவர்கள்' என்று நம்மை ஏசினார்கள். உண்மை நேர்மாறானது. உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு கைப்பிடி எடுத்துத் தனியாகச் சேர்த்து, ஞாயிற்றுக்கிழமை காணிக்கையாகக் கொடுத்த பெண்களின் அரிசியிலும் இந்தச் சபைகள் நின்றன.

இனி பாத்திரத்துக்கு வருவோம். ஆங்கிலிக்கன் திருவிருந்தில் எல்லாரும் பீடத்தின் முன் முழந்தாளிட வேண்டும். ஒரே பாத்திரத்தில் வாய் வைத்துத் திராட்சரசம் அருந்த வேண்டும். சாதிக்கு இதைவிடப் பெரிய சோதனை இல்லை. தரங்கம்பாடி வழிவந்த பழைய சபைகளில் வேளாளர் ஒருபுறம், பறையர் மறுபுறம் என்று தனித்தனியாக உட்கார்ந்தார்கள். திருவிருந்திலும் வேளாளர் முதலில், மற்றவர் பிறகு. எச்சில் எந்தத் திசையில் போகலாம் என்பதைச் சாதிதான் தீர்மானித்தது.

1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு முற்றிலும் ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். தஞ்சையின் புகழ்பெற்ற கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் அதற்கு முன்பே தம் சாதி வழக்கங்களுக்காக மிஷனரிகளோடு மல்லுக்கு நின்றவர். இனிய கீர்த்தனைகளை நமக்குக் கொடுத்த அதே பேனா, தனி இருக்கைக்காகவும் எழுதியது. பின்னாளில், வெளியேறியவர்களில் பலர் சாதி விஷயத்தில் நெகிழ்வாக இருந்த லைப்சிக் லுத்தரன் மிஷனில் சேர்ந்துகொண்டார்கள்.

இந்த வரலாற்றை ஆயருக்கும் வேளாளருக்கும் நடந்த வழக்காகவே எழுதிவருகிறார்கள். அந்தக் கோவில்களில் இன்னொரு பக்கத்தில் உட்கார்ந்திருந்த பறையர் கிறிஸ்தவர்கள் வெளியேறவில்லை. பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு நின்றார்கள். அந்த நிற்றலை விசுவாசத்தின் வரலாறாகவும் எதிர்ப்பின் வரலாறாகவும் எழுதுவது நம் வேலை.

அடுத்தது உலை. தென்மாவட்டச் சபைகளின் பண்டிகையில் அசனம் உண்டு. வீட்டுக்கு வீடு அரிசியும் காசும் சேர்த்துப் பெரிய அண்டாக்களில் சமைத்து, எல்லாரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அழகான வழக்கம்தான். ஆனால் ஒரே சாதி வாழும் ஊரில் ஒரே பந்தி எந்தச் சுவரை இடிக்கும்? திருநெல்வேலிச் சபைகளில் பெரும்பான்மையான நாடார் மக்களும் கோவில் நுழைவு மறுக்கப்பட்டு இழிவைச் சுமந்தவர்களே. அவர்கள் எழுந்து நின்றது நமக்கும் பெருமை. எழுந்தபின் பக்கத்துச் சேரியின் சபையைச் சமமாக நடத்தினார்களா என்ற கேள்வி அந்தப் பெருமையால் மறைந்துவிடாது.

சமபந்தி மட்டும் சாதியை ஒழிக்காது, கலப்பு மணமே மருந்து என்று 1936இல் அண்ணல் அம்பேத்கர் எழுதினார். இந்து சமூகத்தை நோக்கி அவர் சொன்னது நம் சபைகளுக்கும் பொருந்தும். 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. மூன்று மரபுகளை இணைக்க முடிந்தவர்களால் இரண்டு தெருக்களுக்கு இடையில் சம்பந்தம் பேச முடியவில்லை.

உள்ளிருந்தே மாற்றுக்குரல் வந்தது. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, 'பரட்டை' என்று அன்போடு அழைக்கப்பட்டவர். தீட்டு என்றும் பேய்க்கொட்டு என்றும் ஒதுக்கப்பட்ட பறையை அவர் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். நாட்டுப்புற மெட்டுகளில் ஆராதனை அமைத்தார். எல்லாரும் சேர்ந்து ஒரே உலையில் பொங்கி உண்பதையே திருவிருந்தின் பொருளாகச் சொன்னார். பாத்திரத்தைப் பீடத்திலிருந்து அடுப்படிக்குக் கொண்டுவந்த இறையியல் அது.

இதையெல்லாம் இன்று பேசக் காரணம் உண்டு. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது நீட்டிக்கப்பட்டது. கிறிஸ்தவத் தலித்துகள் வெளியே நிறுத்தப்பட்டார்கள். கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்பதே அதற்குச் சொல்லப்படும் முதன்மையான வாதம். அதே வாக்கியத்தைச் சபைக் கமிட்டிகளிலும் கேட்கிறோம். அரசு அதைச் சொல்லி உரிமையை மறுக்கிறது. சபை அதைச் சொல்லி விவாதத்தை மறுக்கிறது. இரண்டு இடத்திலும் இழப்பவர்கள் நாம்தான்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறோம். சேகரக் கோவில்களின் பீரோக்களில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றுக்கும் பதிவேடுகள் இருக்கும். ஞானஸ்நான ஏடு யாரை வரவேற்றோம் என்று சொல்லும். யாரோடு கலந்தோம் என்பது திருமண ஏட்டில் தெரியும். அடக்க ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்தில் நடந்து பாருங்கள், யாரை எங்கே புதைத்தோம் என்பது விளங்கும். குருவானவரின் அனுமதி பெற்று அவற்றைப் படியுங்கள். உங்கள் பாட்டிமாரிடம் கேட்டுச் சரிபாருங்கள். தமிழகக் கிராமத் திருச்சபையின் தலித் வரலாறு அந்த ஏடுகளிலிருந்து எழுதப்பட வேண்டும். எழுதுகிறவர்கள் நீங்களாக இருக்க வேண்டும்.