ஒரு துளையை அடைக்கப் பிறந்த கைக்கடிகாரம்

ஆட்டோமேட்டிக் வாட்ச் எதற்காகப் பிறந்தது என்று கேட்டால், தினமும் சாவி கொடுக்கும் வேலையை மிச்சப்படுத்தத்தான் என்று பலரும் சொல்வார்கள். அதை உருவாக்கி விற்பனைக்குக் கொண்டுவந்த மனிதரின் கவலை வேறு. சாவிக் குமிழின் தண்டு வாட்சுக்குள் நுழையும் இடத்தில் ஒரு சிறு துளை இருக்கிறது. தூசியும் வியர்வையும் மழை ஈரமும் அதன் வழியாகத்தான் மெஷினுக்குள் இறங்குகின்றன. அந்தத் துளையை ஒழித்துவிட வேண்டும் என்று அவர் நினைத்தார். குமிழ் போய்விட்டால் துளையும் போய்விடும். குமிழ் இல்லாத வாட்சுக்கு யார் சாவி கொடுப்பது? கட்டியிருப்பவரின் கை அசைவே கொடுக்கட்டும் என்று முடிவு செய்தார்.

அவர் பெயர் ஜான் ஹார்வுட். 1893-இல் இங்கிலாந்தின் போல்டன் நகரில் பிறந்தவர். தொழில், கடிகாரம் பழுது பார்ப்பது. முதல் உலகப் போரில் ராணுவத்தில் ஆயுதங்களைச் செப்பனிடும் பணியில் இருந்தார். அதுவரை ஆண்களில் பெரும்பாலோர் கடிகாரத்தைச் சட்டைப் பையில்தான் வைத்திருந்தார்கள். பதுங்கு குழியில் பையைத் துழாவி நேரம் பார்க்க முடியாது என்பதால் வீரர்களின் மணிக்கட்டுக்குக் கடிகாரம் இடம் மாறியது. பைக்குள் பாதுகாப்பாக இருந்த மெஷின், சேற்றுக்கும் மழைக்கும் நடுவே வந்து நின்றது. பழுதாகி வந்த வாட்சுகளைத் திறந்து பார்த்தவருக்கு அழுக்கு எந்த வழியாக வருகிறது என்பது தெளிவாகத் தெரிந்தது.

தானே சாவி ஏறிக்கொள்ளும் கடிகாரம் அப்போதே பழைய எண்ணம். சுவிட்சர்லாந்தின் லெ லோக்ல் ஊரைச் சேர்ந்த ஆபிரகாம் லூயி பெர்ரலே 1770-களிலேயே அப்படிப்பட்ட பைக்கடிகாரத்தைச் செய்தார். கால் மணி நேரம் நடந்தால் எட்டு நாள் ஓடும் என்று ஜெனீவாவின் கலைச் சங்கத்துக்கு 1777-இல் ஓர் அறிக்கை போனது. அடுத்த ஆண்டு, லியேஜ் நகரத்து உபேர் சார்த்தோன் சுழலும் எடை கொண்ட அமைப்பின் விவரங்களைப் பாரிஸ் அறிவியல் கழகத்திடம் கொடுத்தார். இருவரில் யார் முதல்வர் என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் அந்த எண்ணத்துக்குச் சட்டைப் பை ஏற்ற இடமாக அமையவில்லை. நடக்கும்போது சற்றுக் குலுங்குவதைத் தவிரப் பைக்குள் கடிகாரத்துக்கு அசைவே இல்லை. உட்கார்ந்துவிட்டால் அதுவும் இல்லை. ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் அது சில செல்வந்தர்களின் அரிய பொருளாகவே இருந்தது. கடிகாரம் மணிக்கட்டுக்கு ஏறிய பிறகுதான் அந்த எண்ணத்துக்குப் பொருத்தமான உடல் கிடைத்தது.

போர் முடிந்ததும் ஹார்வுட் மேன் தீவில் பட்டறை வைத்தார். ஹேரி கட்ஸ் என்பவர் பணம் போட்டார். சீசாப் பலகையில் ஏறி இறங்கும் பிள்ளைகளைப் பார்த்தபோதுதான் வழி புலப்பட்டது என்று ஒரு கதை உண்டு. 1923-இல் சுவிட்சர்லாந்தில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1924 செப்டம்பர் 1 அன்று அது கிடைத்தது. எண் 106583. மாதிரி வாட்சுகளோடு சுவிஸ் கம்பெனிகளின் வாசல்களில் ஏறி இறங்கினார். கிரென்ஹென் ஊரில் ஃபோர்டிஸ் கம்பெனியை நடத்திய வால்டர் ஃபோக்ட் அவரை நம்பினார். 1926-இல் பாசல் பொருட்காட்சியில் ஹார்வுட் வாட்ச் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது.

அந்த மெஷினைத் திறந்து பார்ப்பது இன்றும் பேரின்பம். நடுவில் ஓர் அச்சில், அரைவட்டம் போன்ற எடை ஒன்று தொங்குகிறது. கை அசையும்போது அது ஒரு பக்கம் ஓடி, அங்கிருக்கும் சிறு ஸ்பிரிங்கில் மோதித் திரும்பும். மறுபக்க ஸ்பிரிங்கிலும் மோதித் திரும்பும். முழு வட்டம் சுற்றாது. இந்த ஓட்டம் பல்சக்கரங்கள் வழியாக மெயின் ஸ்பிரிங்கை முறுக்குகிறது. முழுவதும் முறுக்கேறினால் சுமார் பன்னிரண்டு மணி நேரம் ஓடும். முள்ளைத் திருத்துவதற்குக் கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்தையே திருக வேண்டும். டயலில் 6-க்கு மேலே ஒரு குட்டிச் சாளரம் உண்டு. அதில் சிவப்பு தெரிந்தால் மெஷின் ஓடும் நிலையில் இருக்கிறது என்று பொருள். குமிழும் இல்லை, அதன் தண்டும் இல்லை, துளையும் இல்லை. ஒரு ரிப்பேர்காரர் தன் வேலைமேசையில் கண்ட குறையை வாட்சின் முழு வடிவமாகவே மாற்றிவிட்டார்.

குறைகளும் இருந்தன. கையால் சாவி கொடுக்க வழி இல்லாததால், கழற்றி வைத்து நின்றுபோன வாட்சை ஆட்டித்தான் எழுப்ப வேண்டும். பன்னிரண்டு மணி நேரக் கையிருப்பு மிகக் குறைவு. 1928-இல் ஹார்வுட் தொடங்கிய கம்பெனி, உலகப் பொருளாதாரம் சரிந்த 1931-இல் மூடப்பட்டது. பொருள் தோற்கவில்லை, அதைத் தாங்கிப் பிடிக்கப் பணம் இல்லை.

அதே காலத்தில் வேறு சிலரும் முயன்றார்கள். பாரிஸின் லெயோன் அதோ வடிவமைத்து, பிளாங்பான் கம்பெனி 1930 வாக்கில் செய்த 'ரோல்ஸ்' வாட்சில் தனி எடையே கிடையாது. செவ்வகக் கூட்டுக்குள் மெஷின் முழுவதும் முன்னும் பின்னும் சறுக்கி, அந்த அசைவாலேயே தனக்குச் சாவி ஏற்றிக்கொண்டது. இவ்வளவு துணிச்சலான எண்ணம் கடிகார வரலாற்றில் அபூர்வம். அதனால்தான் நல்ல நிலையில் உள்ள ரோல்ஸ் ஒன்று கிடைத்தால் சேகரிப்பாளர்கள் விட மாட்டார்கள்.

ரோலெக்ஸ் அதே துளையை வேறு வழியில் அடைத்தது. 1926-இல் வந்த அதன் ஆய்ஸ்டர் வாட்சில் குமிழைத் திருகி இறுக்கினால் தண்ணீர் புகாது. சாவி கொடுக்க மட்டும் தினமும் அதைத் தளர்த்தியாக வேண்டும். மறுபடி இறுக்க மறந்தால் பாதுகாப்பு போய்விடும். குமிழைத் தொட வேண்டிய அவசியமே இல்லாமல் செய்வதுதான் தீர்வு. 1931-இல் எமில் போரரின் குழு உருவாக்கிய பெர்பெச்சுவல் மெஷினில் எடை தடையின்றி முழு வட்டம் சுற்றியது. முறுக்கு நிரம்பிய பிறகும் எடை சுற்றிக்கொண்டே இருந்தால் ஸ்பிரிங் அறுந்துவிடாதா? அதற்கான விடையை ஏட்ரியன் ஃபிலிப் 1863-லேயே கண்டுபிடித்திருந்தார்: ஸ்பிரிங்கின் வெளி நுனி, அது சுருண்டிருக்கும் டப்பாவின் சுவரில் வழுக்கிக்கொண்டு போகும். பழைய மெஷினின் மேல் சுழலும் எடையை ஏற்றியதால் வாட்சின் பின்மூடி குமிழியாகப் புடைத்தது. அந்தப் புடைப்பே பின்னாளில் 'பபிள்பேக்' என்ற செல்லப் பெயரையும் உயர்ந்த விலையையும் பெற்றுத் தந்தது.

ரோலெக்ஸின் காப்புரிமை குறுக்கே நின்றதால் மற்றவர்களில் பலர் மோதித் திரும்பும் எடையோடு தொடர்ந்தார்கள். ஓமேகாவின் முதல் ஆட்டோமேட்டிக் 1943-இல் வந்தது. அதுவும் இந்த வகைதான். சேகரிப்பாளர்கள் இவற்றை 'பம்பர்' என்பார்கள். என் விருப்பம் முழுவதும் இவற்றின் மேல்தான். கையை வீசி நடந்தால் மணிக்கட்டில் 'டொக்' என்று மெல்லிய தட்டல் கேட்கும், அதைத் தோலிலும் உணரலாம். பின்னால் வந்த வழவழப்பான வாட்சுகளில் அந்த உறவு இல்லை.

1940-களிலும் 1950-களிலும் முன்னேற்றம் வேகமாக வந்தது. 1942-இல் ஃபெல்சா கம்பெனியின் 'பைடினேட்டர்', எடை எந்தத் திசையில் சுற்றினாலும் முறுக்கேறும்படி செய்தது. 1948-இல் எடெர்னா, எடையை ஐந்து குட்டிக் குண்டுகள் கொண்ட பேரிங்கில் நிறுத்தியது. அந்தக் குண்டுகளைக் குறிக்கும் ஐந்து புள்ளிகள்தான் இன்றும் அதன் சின்னம். 1950-இல் ஐ.டபிள்யூ.சி. கம்பெனிக்காக ஆல்பர்ட் பெல்லட்டன் இதய வடிவக் காமை வைத்து, தேய்மானம் குறைந்த ஒரு முறையைக் கொண்டுவந்தார். 1959-இல் சீகோ, இரு கொக்கிகள் கொண்ட ஒற்றை நெம்புகோலால் அதே வேலையை எளிமையாக முடித்தது. 'மேஜிக் லீவர்' என்ற அந்த அமைப்பு மலிவு விலைக்கு வழி திறந்தது.

1963-இல் வந்த சீகோ 5, தமிழ் வீடுகளுக்கும் அறிமுகமானது. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் ஊருக்குத் திரும்பியவர்கள் கொண்டுவந்த வாட்சுகளில் அந்தப் பெயருக்குத் தனி மரியாதை இருந்தது. அதன் குமிழ் வழக்கமான 3-இல் இல்லாமல் 4-க்கு அருகே உள்ளடங்கி இருந்ததைப் பலர் அழகுக்காக என்று எண்ணியிருப்பார்கள். தினசரி சாவி கொடுக்கத் தேவையில்லை என்பதால்தான் குமிழ் அப்படி ஒதுங்க முடிந்தது. அதை வைத்து முள்ளையும் தேதியையும் திருத்தலாம், அவ்வளவுதான். ஹார்வுட் ஒழிக்க நினைத்த குமிழ் ஒழியவில்லை. ஆனால் அதன் அதிகாரம் போய்விட்டது.

ஹார்வுட்டுக்கு உரிய மதிப்பு தாமதமாகவே வந்தது. 1957-இல் பிரிட்டிஷ் கடிகாரவியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. கம்பெனி மூடி இருபத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்குள் உலகெங்கும் மணிக்கட்டுகளில் அவருடைய எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த வாட்சுகளைச் சேர்க்க விரும்புபவர் கதையை அறிந்துகொண்டால் எங்கே பார்க்க வேண்டும் என்பதும் தெரியும். பின்மூடியைத் திறந்து குமிழ்த் தண்டைச் சுற்றித் துருவைத் தேடுங்கள். மூடியின் உட்புறத்தில் வட்டக் கீறல் இருந்தால் எடையின் அச்சு தேய்ந்து அது உரசுகிறது. பம்பர் என்றால் இரு மோது ஸ்பிரிங்குகளும் உயிரோடு உள்ளனவா என்று கவனியுங்கள். பளபளவென்று புத்தம் புதிதாகத் தெரியும் டயல், பெரும்பாலும் மீண்டும் வண்ணம் பூசப்பட்டது. எழுத்துகளின் ஓரங்களை லென்ஸில் பாருங்கள். இருட்டில் ஒளிர்வதற்காக முற்காலத்து முட்களில் ரேடியம் பூசியிருப்பார்கள்; அதைச் சுரண்டவோ ஊதவோ கூடாது.

எந்த வாட்சை முதலில் வாங்குவது என்று கேட்பவர்களிடம், வாங்குவதற்கு முன் நல்ல ரிப்பேர்காரர் ஒருவரைக் கண்டுபிடியுங்கள் என்றுதான் சொல்வேன். அவர் கூலியை வாட்சின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள், பேரம் பேசாதீர்கள். பழுதான பொருளைத் தினமும் கையில் எடுப்பவருக்கே அதன் பலவீனம் தெரியும். தானே ஓடும் கைக்கடிகாரத்தை உலகுக்குத் தந்ததும் அப்படிப்பட்ட ஒருவர்தான்.