மரவள்ளியும் கணையமும்: தரமணியில் சோதிக்கப்பட்ட ஒரு கருதுகோள்

சயனைடு ஒரே வேளையில் பெருமளவில் உடலில் ஏறினால் கொல்லும் விதம் தெரிந்ததே: செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தத் தேவையான சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் நொதியை அது முடக்கிவிடுகிறது. ஆனால் உணவோடு சிறுகச் சிறுக, மாதக்கணக்கில் உள்ளே போகும் சயனைடு உறுப்புகளை என்ன செய்கிறது? தென்னிந்தியாவில் இந்தக் கேள்வி மரவள்ளிக்கிழங்கை ஒட்டியே எழுந்தது.

1959இல் இந்தோனேசியாவில் சூய்டெமா என்னும் மருத்துவர், ஊட்டம் குன்றிய நோயாளிகளின் கணையத்தில் சுண்ணாம்புப் படிவுகளைக் கண்டு எழுதினார். அதன்பின் கேரளத்தில் கீவர்கீஸ் இத்தகைய நோயாளிகளை ஏராளமாகப் பதிவு செய்தார். மெலிந்த இளைஞர்கள், மது அருந்தாதவர்கள், முதலில் வயிற்றுவலி, பிறகு கணையக் கற்கள், கடைசியில் நீரிழிவு. ஏழைகளின் வயிற்றை நிரப்பிய கிழங்கின் மீது சந்தேகம் விழுந்தது இயல்புதான். மரவள்ளியில் உள்ள லினமாரின் சிதையும்போது ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படுகிறது. உடல் அதை ரோடனீஸ் நொதியின் துணையால் தயோசயனேட்டாக மாற்றி வெளியேற்றும். அதற்குக் கந்தகம் வேண்டும். கந்தகம் புரதத்திலிருந்து வரவேண்டும். புரதமில்லாத தட்டில் கிழங்கு மட்டும் இருந்தால் நஞ்சு தங்கிக் கணையத்தைக் கெடுக்கும் என்று 1979இல் மக்மில்லனும் கீவர்கீஸும் வாதிட்டனர். சயனைடு கொடுக்கப்பட்ட எலிகளில் ரத்தச் சர்க்கரை தற்காலிகமாக ஏறியதை அவர்கள் சான்றாகக் காட்டினர்.

‘தற்காலிகமாக’ என்ற இடத்தில்தான் எனக்கு இந்த வரலாறு முக்கியமாகிறது. நாள்பட்ட நோயை விளக்க அது போதாது. ஆயினும் கருதுகோள் வலுப்பெற்றது. 1985இல் உலக சுகாதார நிறுவனம் ஊட்டக்குறைவு சார்ந்த நீரிழிவைத் தனி வகையாகவே வகுத்தது.

நீண்டகாலச் சோதனை சென்னையில் நடந்தது. அடையாற்றுக்குத் தெற்கே தரமணியில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஏ.எல்.எம். முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த மாதங்கி, நமசிவாயம் ஆகியோர், நீரிழிவு மருத்துவர் வி. மோகன் உள்ளிட்டோருடன் சேர்ந்து எலிகளுக்கு ஓராண்டு வரை மரவள்ளி உணவு கொடுத்துப் பார்த்தனர். 2000இல் வெளியான முடிவு தெளிவானது: எலிகளுக்கு நீரிழிவு வரவில்லை, திசு ஆய்வில் கணைய அழற்சியின் அடையாளமும் இல்லை.

எலியின் கணையம் மனிதக் கணையம் ஆகாது என்பது உண்மை. ஆனால் நோயின் புவியியலும் இதே பக்கம் சாய்கிறது: மரவள்ளி அன்றாட உணவாக இல்லாத பகுதிகளிலும் இந்நோய் காணப்படுகிறது. எதிர்மறை முடிவு என்பதால் இந்த ஆய்வுக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை என்றே கருதுகிறேன். ஒரு மக்கள்கூட்டத்தின் உணவை நோய்க்காரணம் என்று சொல்லுமுன் இத்தகைய பொறுமையான வேலை நடந்தாக வேண்டும்.

கணையத்தைப் பற்றிய இந்த முடிவு சயனைடைக் குற்றமற்றதாக்கவில்லை. தயோசயனேட் தைராய்டு சுரப்பி அயோடினை ஏற்பதைத் தடுக்கிறது. ஆப்பிரிக்காவில் மரவள்ளியும் கழலையும் சேர்ந்து காணப்பட்டதற்கு இது ஒரு விளக்கம். சரியாகப் பதப்படுத்தாத கிழங்கை உண்டவர்களின் கால்களை முடக்கும் கோன்சோ நோய் மொசாம்பிக்கில் 1981இல் பெருமளவில் பரவியது. அதே தரமணி ஆய்வாளர்கள் எலிகளில் சயனைடு நினைவாற்றலைப் பாதிப்பதையும் 2000இல் வெளியிட்டனர்.

கணைய நோயின் வேரைத் தேடும் பாதை பின்னர் மரபணுப் பக்கம் திரும்பியது. 2002இல் ஐதராபாத் ஆய்வாளர்கள், கணையத்திற்குள் டிரிப்சினைக் கட்டுப்படுத்தும் ஸ்பிங்க்-1 மரபணுவின் பிறழ்வுகளுக்கும் இந்த நோய்க்கும் உறுதியான தொடர்பு இருப்பதைக் காட்டினர்.