அறுவையின் நடுவே எம்.ஆர்.ஐ.

மூளைக்கட்டி அறுவையை இடையில் நிறுத்தி, மயக்கத்தில் இருக்கும் நோயாளிக்கு அரங்கிலேயே ஸ்கேன் எடுத்து, மிச்சமிருக்கும் கட்டியைத் தேடும் முறை. எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்ட், சி.டி. மூன்றும் இதற்குப் பயன்படுகின்றன.

அறுவைக்கு முன் எடுத்த ஸ்கேனை வரைபடமாக வைத்து வழிகாட்டும் கணினிக் கருவிகள் ஏற்கெனவே உண்டு. ஆனால் மூளையுறையைத் திறந்ததுமே அந்த வரைபடம் பழசாகிவிடுகிறது. மூளையைச் சூழ்ந்த திரவம் வடிய, மூளை தொய்கிறது. கட்டியை எடுக்க எடுக்கச் சுற்றியுள்ள திசு குழிக்குள் சாய்கிறது. இந்த நகர்வு 1 செ.மீ.யைத் தாண்டுவதும் உண்டு. பேச்சுக்குரிய பகுதியின் ஓரத்தில் அது சிறிய தூரமல்ல. போதாக்குறைக்கு, கிளையோமா வகைக் கட்டியின் விளிம்பு வெறும் கண்ணுக்கு நல்ல மூளை போலவே தெரியும்.

அமெரிக்காவின் பாஸ்டனில், பிரிகாம் மகளிர் மருத்துவமனையில் 1994இல் அறுவையின் நடுவே ஸ்கேன் எடுப்பதற்கென ஓர் எம்.ஆர்.ஐ. நிறுவப்பட்டது. கதிரியல் மருத்துவர் ஃபெரென்ஸ் யோலஸ், நரம்பியல் அறுவை மருத்துவர் பீட்டர் பிளாக் ஆகியோர் இதில் முன்னின்றவர்கள். 0.5 டெஸ்லா திறனுள்ள அந்தக் கருவி, இரண்டு வடைகளை நிமிர்த்தி வைத்தாற்போல் இருக்கும். நடுவிலுள்ள 56 செ.மீ. இடைவெளியில் நின்றபடியே மருத்துவர் அறுவை செய்தார். பின்னாளில் திறன் கூடிய காந்தங்கள் வந்தன. கனடாவின் கால்கரியில் நோயாளியை அசைக்காமல், கூரைத் தண்டவாளத்தில் காந்தத்தையே நகர்த்திக் கொண்டுவந்தார்கள்.

ஸ்கேனுக்கு முன் அரங்கில் ஒரே எண்ணிக்கை வேலைதான். கத்தரி, ஊசி, கவ்வி என ஒவ்வொன்றையும் சரிபார்க்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் காந்தம் அதை எறிகுண்டாக்கிவிடும். திறந்த காயத்தைக் கிருமி நீக்கிய துணியால் மூடுகிறார்கள். மயக்கத்தில் இருப்பவரானாலும் இரைச்சல் செவியைக் கெடுக்கும் என்பதால் காதடைப்பான் வைக்கிறார்கள். இத்தனைக்கும் சேர்த்து அறுவை நேரம் நீள்கிறது.

பலன் உண்டா? ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், எம்.ஆர்.ஐ. உதவியுடன் அறுவை செய்த 24 பேரில் 23 பேருக்குப் படத்தில் தெரிந்த கட்டி முழுதும் அகன்றது. வழக்கமான முறையில் 25க்கு 17. சிறிய ஆய்வுதான் என்றாலும் வித்தியாசம் பெரிது.

செலவு குறைந்தது அல்ட்ராசவுண்ட். நினைத்த நேரத்தில் பார்க்கலாம்; ஆனால் குழியில் இரத்தமும் காற்றும் சேரும் கடைசிக் கட்டத்தில், மிகவும் தேவைப்படும்போது, அதன் படம் கலங்குகிறது. எம்.ஆர்.ஐ.யிலும் குழப்பம் உண்டு: கத்தி பட்ட விளிம்பு, மிச்சக் கட்டியைப் போலவே ஒளிரக்கூடும். மிச்சம் தெளிவாகத் தெரிந்தும், அது பேச்சையோ கைகால் அசைவையோ ஆளும் நரம்பிழைகளோடு பின்னிக் கிடந்தால், மருத்துவர் அதைத் தொடாமலே கபாலத்தை மூடுகிறார்.