கால் மைலின் கடன்

அறுபதுகளின் அமெரிக்கக் கார் ஒன்றின் தரையில் துளையிட்டு, உள்ளே எஃகுக் குழாய்களைப் பற்றவைப்பதைப் பார்த்தால் பழைய கார்களை நேசிப்பவர்களுக்கு மனம் பதறும். ஒரு காலத்தின் சாட்சியைச் சிதைக்கிறார்களே என்ற அந்த ஆதங்கம் எனக்கும் புரிகிறது. ஆனாலும் ரோல் கேஜ் எனப்படும் அந்தக் கூண்டு பழைய காருக்கு அந்நியமானது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் காரைப் பிறப்பித்த வேகமே அதன் தலையில் வைத்துவிட்டுப் போன கடன் அது. கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் பழைய கார்களை வேகமாக்கி ஓட்டிக்கொண்டிருந்த ஹாட் ராட் இளைஞர்களுக்கு 1950இல் சாண்டா ஆனா விமான ஓடுதளம் கிடைத்தது. அடுத்த ஆண்டே வாலி பார்க்ஸ் என்.எச்.ஆர்.ஏ. என்ற சங்கத்தைத் தொடங்கினார். தெருவில் நடந்த ஆபத்தான போட்டியைத் தடத்துக்குள் கொண்டுவந்து விதிகளுக்கு உட்படுத்த வேண்டும் என்பதே அவர் எண்ணம். போட்டியின் தூரம் கால் மைல், அதாவது சுமார் 402 மீட்டர்.

பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கார் ஆலைகளே இந்தப் போட்டியில் இறங்கின. 1964இல் ஃபோர்டு, நடுத்தர ஃபேர்லேன் காருக்குள் 7 லிட்டர் எஞ்சினைத் திணித்து, சுமார் நூறு தண்டர்போல்ட் கார்களை விற்றது. பானெட் ஃபைபர் கிளாஸ். பக்க ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் பிளெக்ஸிகிளாஸ். 1968இல் வந்த ஹெமி டார்ட் என்ற காரில் கதவுத் தகட்டை அமிலத்தில் முக்கி மெலிதாக்கினார்கள். ஜன்னலை ஏற்றி இறக்க ஒரு பட்டைதான். பின் இருக்கை கிடையாது. இந்த இரண்டுக்கும் தனிச் சட்டகம் இல்லை. தரை, கூரை, பக்கவாட்டுத் தகடுகள் சேர்ந்துதான் பலம். பச்சை விளக்கு எரிந்ததும் அகன்ற, வரிகளற்ற ஸ்லிக் டயர் தடத்தைக் கவ்வும்போது, எஞ்சினின் முறுக்குவிசை முழுவதும் அந்தத் தகடுகளைத்தான் திருகுகிறது. கார் கவிழ்ந்தால் ஆளைக் காப்பதோடு, இந்தத் திருகலைத் தாங்குவதும் கூண்டின் வேலை. எடையைக் குறைக்க ஆலை எடுத்த பலத்தை அது திருப்பித் தருகிறது.

சங்கத்தின் விதிகளும் இதற்குச் சான்று. கால் மைலை 11.49 வினாடிக்குள் ஓடினால் ரோல் பார் என்ற வளைகுழாய், 10.99க்குள் வந்தால் பொதுவாக முழுக் கூண்டு என்பது நெடுநாள் வரம்பு. 2008 முதலான மாடல்களுக்கு இதைத் தளர்த்திய சங்கம், பழைய கார்களுக்குத் தளர்த்தவில்லை. அவற்றின் உடலை மட்டும் நம்ப அது தயாராக இல்லை. அப்படியானால் அபூர்வமான காரையும் வெட்டலாமா என்று கேட்டால், கூடாது என்பேன். எண்ணிக்கையில் மிகச் சிலவே மிஞ்சிய, எஞ்சின் எண் வரை ஆலையில் இருந்தபடியே உள்ள கார் ஓடாமல் இருக்கட்டும். சாலையிலும் ஓட்டுகிறோமே என்பவர்களின் கவலை இன்னும் வலுவானது: ஹெல்மெட் இல்லாத தலைக்கு, அருகிலுள்ள எஃகுக் குழாயே எமன். மேலே சுற்றிய மெத்தை அதை முழுதாகத் தீர்க்காது. எனவே கூண்டு வைத்த கார் தடத்துக்கே உரியது. அங்கே ஓடப்போகும் காரில் அரைகுறை வேலை கூடாது. தனிச் சட்டகம் இல்லாத காரில் ஒவ்வொரு குழாயின் அடியிலும் 6 அங்குலச் சதுரத் தகடு வைத்தால்தான் மெல்லிய தரை கிழியாது. பற்றவைப்பு மேட்டை அழகுக்காக அரைத்து மழுக்கவும் விதி இடம் தருவதில்லை. இணைப்பு எவ்வளவு ஆழமாகப் பிடித்திருக்கிறது என்பதைச் சோதகர் அந்த மேட்டைப் பார்த்துத்தான் கணிக்கிறார்.