குறத்தி பேசி முடித்த சம்பந்தம்

பெரிய இடத்துச் சம்பந்தம் தரகர் இன்றிக் கூடாது என்பார்கள் நம் காவிரிக் கரையில். தஞ்சைப் பெரிய கோயிலில் விழாக் காலங்களில் ஆடப்பெற்று வந்த ஓர் இசை நாடகத்திலோ, அத்தரகுப் பணியை ஏற்பவள் கூடையும் கோலுமாக வரும் மலைக்குறத்தி. கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் இயற்றிய 'சரபேந்திர பூபாலக் குறவஞ்சி' அது. பாட்டுடைத் தலைவர், 1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்த இரண்டாம் சரபோஜி.

கதை மிக எளிது. மன்னர் உலா வருகிறார். மதனவல்லி மனத்தைப் பறிகொடுக்கிறாள். நிலவையும் தென்றலையும் நோகிறாள். தோழியைத் தூது விடுகிறாள். அப்போது குறத்தி வருகிறாள். தன் மலைவளம் பாடி, கை பார்த்து, கன்னியின் உள்ளத்தில் இருப்பவர் இன்னாரெனக் கூறிப் பரிசு பெறுகிறாள். பிறகு அவளைத் தேடிக் குறவன் சிங்கன் வருகிறான். மனைவியின் மேனியில் புது நகைகள் மின்னக் கண்டு, ஐயமும் ஆசையுமாக அவன் கேட்கும் கேள்விகளில்தான் அவை குலுங்கிச் சிரிக்கும். நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மன்னர் உலா வந்ததோடு சரி. அவரது திருமணம் மேடையில் நடைபெறுவதே இல்லை. இணைந்து மகிழ்வோர் குறவனும் குறத்தியுமே. இது குறவஞ்சி இலக்கியத்தின் பொது மரபுதான். ஆயினும் சரபோஜியின் நிலைக்கு அது விந்தையாகப் பொருந்திற்று. 1799ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் நாட்டாட்சி கும்பினியாரிடம் போயிற்று. அவருக்கு எஞ்சியவை கோட்டையும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், நிலவருவாயில் ஐந்தில் ஒரு பங்குமே. ஆளும் நாடில்லா மன்னருக்கு உலா வர ஒரு நாடகமாவது வாய்த்தது.

அவரும் சும்மா இருந்துவிடவில்லை. 'தேவேந்திரக் குறவஞ்சி' என்று மராத்தியில் தாமே ஒன்று இயற்றினார். அதில் குறத்தி குறி சொல்லும் சாக்கில் உலகின் பூகோளத்தையே பாடுகிறாள்!

மன்னரைப் போலவே சுவார்ட்ஸ் ஐயரின் அரவணைப்பில் வளர்ந்தவர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). அவர் பாடிய 'பெத்லகேம் குறவஞ்சி'யில் உலா வருபவர் கிறிஸ்து. காதலுற்றுத் தவிப்பவள் சீயோன் மகளாகிய தேவமோகினி, அதாவது திருச்சபை. நட்சத்திரங்களையும் கோள்களையும் பற்றிய புதிய அறிவும் அதில் உண்டு. சாஸ்திரியார் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர். அதனாலேயே நம்மவர் பலர் அந்நூலின் பக்கம் போவதில்லை. அது நமக்கே இழப்பு. மணவாளனை எதிர்நோக்கும் மணமகளாகத் திருச்சபையைக் காண்பது நமக்குப் புதிதன்று. அவளைக் குறத்தியின் முன் கை நீட்டி அமரச் செய்த துணிவுதான் புதிது. பறவைக்கு வலை வீசும் சிங்கனின் வேடிக்கைத் தொழிலும் அவர் கையில் ஆன்மாக்களைச் சேர்க்கும் பணியாகிறது. மன்னர் அமர்ந்த இடத்தில் மீட்பரை அமர்த்திவிட்டு, அந்த மன்னரின் ஊரிலேயே ஒருவர் வாழ்ந்தார் என்பதை எண்ணிப் பார்க்கிறோம்.

பெரிய கோயிலில் மதனவல்லியாகவும் தோழியாகவும் ஆடியவர்கள் தேவரடியார் குலத்துப் பெண்கள். இறைவனுக்கே பொட்டுக் கட்டப்பட்ட அவர்களுக்கு மனிதருடன் மணம் இல்லை. பிறர் கைபிடிக்கும் கதையை ஆண்டுதோறும் ஆடினர். சபையைச் சிரிக்கவும் வைத்தனர். கும்பினியின் உடன்படிக்கை அச்சில் இருக்கிறது, நாடக நூல் அச்சில் இருக்கிறது. அப்பெண்கள் அதைப் பாடுகையில் என்ன நினைத்தனர் என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை.

1944இல் அடையாற்றில் ருக்மிணி தேவி குற்றாலக் குறவஞ்சியைக் கலாக்ஷேத்திரத்தின் நாட்டிய நாடகமாக மேடையேற்றினார். ஆடியவர்கள் வேறு குடும்பத்துப் பெண்கள். மூன்று ஆண்டுகளில், 1947இல், பொட்டுக் கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணச் சட்டம் விலக்கியது. அம்மரபில் பிறந்த பெண்கள் சட்டப்படி மணம் புரியவும் வழி பிறந்தது.